வேலும் மூன்று மிஸ்டு காலும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருப்பூரில் பாதிப் பகல் கரண்ட் இல்லாத வருடங்கள் அவை. பக்கத்துச் சந்து பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சும் வலக்கையும் போயிருந்தன. இடக்கைக்கு ஒரு செல்போன் கொடுத்திருந்தோம். ஒரு மிஸ்டு கால் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் துணி மாற்ற வேண்டும், மூன்று என்றால் ஓடி வா. சும்மாவே மூன்று கொடுத்து, நான் மூச்சிரைக்க வந்து நின்றதும் கண்ணடிப்பார் மனிதர்.

அன்று மகளுக்குப் பள்ளி ஆண்டுவிழா, முருகன் வேடம். அலங்கரிக்க மனைவி போயிருந்தாள். அப்பாவுக்குக் காவல் நான். மனைவி போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, வேலு ஊட்டுலயே கெடக்குதுங்க. வெரசா கொண்டாங்க, உங்க மக அழுவறா!”

“அரை மணி நேரத்துல வந்தர்றனுங்கப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சார்ஜரில் கிடந்த போனை வழக்கம்போல உருவி பேண்ட் பையில் திணித்துக்கொண்டு, அட்டை வேலோடு மொபெட்டில் பறந்தேன்.

பள்ளி வாசலில் சட்டைப்பைக்குள் போன் அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. மூன்றும் அப்பாவின் நம்பர். மேடையோரம் மகள் கையை நீட்டுகிறாள், நான் வேலோடு வண்டியைத் திருப்பிவிட்டேன். ஹாரன் வேலை செய்யாத வண்டி, அதனால் “முருகா, முருகா” என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனேன். சிக்னலில் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தார். தலையணை மூக்கை அடைத்து முகம் நீலம் பாரித்திருந்தது. இழுத்து நிமிர்த்தினேன். மூச்சு வந்தது. அவர் மூச்சு வந்த பிறகுதான் எனக்கும் வந்தது.

அவருடைய போனைத் தேடினேன், காணோம். அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றாள் ஒருத்தி. பேண்ட் பையில் கைவிட்டேன். என்னுடையது சட்டைப்பையில் இருப்பதை மறந்து, அவசரத்தில் சார்ஜரிலிருந்து நான் உருவியது அப்பாவின் போன்! இரண்டும் ஒரே மாதிரி. காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது அது. பைக்குள் பட்டன் அமுங்கியிருக்கும் என்பீர்கள். சார்ஜே இல்லாத போனா?

“போங்கப்பா! வெறுங்கையோட நின்னனா, சாமி வரங்குடுக்குதுன்னு எல்லாரும் கை தட்டிட்டாங்க” என்றாள் மகள், சாயங்காலம்.

அப்பா அப்புறம் இரண்டு வருடம் இருந்தார். எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டால் கோணல் வாயால் சிரிப்பார். அன்று அலுத்துக்கொண்டு ஓடிய அந்தச் சந்து ஓட்டத்துக்கு இன்று மனசு ஏங்குகிறது. இப்போது யார் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள்?

மனைவியிடம்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. நான் உள்ளே நுழைந்தபோது அப்பாவின் இடக்கை விரல் வெறும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று.