சிவப்பு விளக்கின் மேல் போட்ட துண்டு

புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ் நான். பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு மாஸ்க் வைத்துக் காற்றுப்பையை அழுத்தும்போது, காற்று நுரையீரலுக்குப் போகிறதா என்று காட்டும் மானிட்டர் சமீபத்தில் வந்தது. மாஸ்க் ஓரத்தில் கசிந்தால் சிவப்பு விளக்கு எரியும். கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் உறவினர்கள் அதைக் கண்டு, "கொயந்தைக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று அழுவார்கள். அதனால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவைத்தேன். இத்தனை வருஷம் பழகிய கைக்கு மெஷின் எதற்கு என்ற திமிரும் இருந்தது.

போன மாதம் வடமாலபேட்டைப் பெண் ஒருத்திக்குப் பிறந்த குழந்தை அழவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன், உடம்பு நீலம் பாய்ந்தே கிடந்தது. உடனிருந்த நர்ஸ் துண்டை இழுத்தாள்.

"அக்கா, செவப்பு எரியுது. காத்தெல்லாம் வெளிய போய்க்கினு கீது."

மாஸ்க்கை ஓரம் படிய வைத்துப் பிடித்தேன். பச்சை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது.

வெளியே அதன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா காப்பாத்துன" என்றார். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இப்போதெல்லாம் பிரசவத்துக்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுகிறேன்: "செவப்பு எரிஞ்சா பயப்படாதீங்க. அது கொயந்தைய சொல்லல, என் கையத்தான் சொல்லுது."