ஐஸ் மீனுக்கு ஒரு டிரில்

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன். மாலை விமானம் ஏறினால் பின்லாந்து, தம்பி வீடு. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பது அவன் பைத்தியம். போன குளிரில் ஐஸைத் துளைக்கும் திருகுத் தண்டைக் கையால் சுற்றியே தோள்பட்டை போய்விட்டது. இந்த வருஷம் தூண்டிலைத் தொடவே இல்லை. அந்தத் தண்டைப் பேட்டரி டிரில்லில் மாட்டலாமாம்.

“ஐஸ் மீனுக்கு ஒரு டிரில் வேணும் பாய்,” என்கிறேன்.

கடைக்காரர் முகம் சுளிக்கிறார். “ஐஸ் மீன் எதுக்கும்மா? காலையில தேக்கா மார்க்கெட் போனா ஃப்ரெஷ்ஷாவே கிடைக்கும் லா.”

தப்பு என்னுடையதுதான். ஐஸ் மீன் என்றால் நமக்கு நாள்பட்ட மீன். போனில் படத்தைக் காட்டுகிறேன்: வெள்ளை வெளி, ஓர் ஓட்டை, பக்கத்தில் முக்காலி போட்டுத் தம்பி. பாய் வெகுநேரம் பார்க்கிறார். பிறகு நான் தட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த சின்ன டிரில்லை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பெரிய ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

“அது வேகமாச் சுத்தும், சிக்கினா நின்னுடும். இது மெதுவா, ஆனா நிக்காது. பக்கவாட்டுக் கைப்பிடிய விடக் கூடாதுன்னு சொல்லுங்க. விட்டா மறுபடி தோளைத் திருகிடும்.”

பொத்தானை அழுத்துகிறேன். உறுமுகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் தம்பி சந்தோஷத்தில் குதிப்பான்.

பில் எழுதும்போது பாய் நிமிர்கிறார். “அப்ப அந்த ஊர்ல ஐஸ் மீன்தான் ஃப்ரெஷ் மீனா?”

“ஆமா பாய்.”

“அப்படின்னா தம்பிய இந்த வருஷம் ஐஸ் மீனே சாப்பிடச் சொல்லுங்க.”