மலை மறைந்த மதியம்

தங்காக்கில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அர்ச்சனைப் பட்டியல் தட்டச்சு செய்வது என் வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து கேட்டு, பெயரும் ராசியும் நட்சத்திரமுமாக நான்கு நாள் சேர்த்திருந்தேன். மறுநாள் காலை அதைப் பார்த்துத்தான் குருக்கள் வாசிக்க வேண்டும்.

அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். எழுத்தைப் பெரிதாக்க, கண்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்திப் பட்டியல் முழுவதையும் தேர்வு செய்தேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே குனோங் லேடாங் மலைமேல் மேகம் இறங்கி, மலை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி இருந்துவிட்டேன். கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் பாரில் விழுந்திருக்கிறது.

திரும்பினால் திரையும் ஒரே வெள்ளை. மேகம் உள்ளே வந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் தேர்வு செய்திருந்த பட்டியல் முழுவதும் அழிந்துவிட்டது என்று புரிந்தது. மூடித் திறந்தால் வந்துவிடும் என்று மூடப்போனேன். சேவ் செய்யட்டுமா என்று கணினி கேட்டது. எதைக் கேட்டாலும் 'யெஸ்' அழுத்துவதுதான் என் பழக்கம்.

"அலமாக்! ஒன்னும் அழுத்தாதீங்கக்கா!" பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த சாந்தி ஓடி வந்தாள். அவள் கிளினிக்கில் கிளார்க். "கேன்சல் பண்ணுங்க. இப்ப கண்ட்ரோலோட இஸட் அழுத்துங்க லா."

அழுத்தினேன். எல்லாக் குடும்பங்களும் அவரவர் நட்சத்திரத்தோடு திரும்பி வந்தன. வெளியே மலைதான் இன்னும் வரவில்லை.

இப்போதும் வேலைக்கு நடுவே மலையைப் பார்க்கிறேன். ஆனால் கண்ட்ரோலோடு எஸ் அழுத்திச் சேமித்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.