தீவில் நான்கு பகல்

என் அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலி உறையை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். உட்கார்ந்த பிறகு டீப்பாய்க்கு அடியில் விரலை விட்டுத் தூசி பார்ப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருடமாக ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மற்றவர்கள் சுத்தம் செய்த அறைக்குள் போய்க் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒரு நாளைக்கு நாற்பது அறை. இந்த லட்சணத்தில் வீட்டுக்கு வந்தால் என் அலமாரியையும் திறந்து பார்ப்பாள். அதனால் அவள் வருகிறாள் என்றால் முந்தின நாளே நான் அலமாரியை அடுக்கிவிடுவேன்.

அவள் கணவர், என் மாமா, நகரப் பேருந்து ஓட்டுகிறார். அக்காவுக்குக் காலை ஏழிலிருந்து நாலு வரை வேலை. மாமாவுக்கு மதியம் இரண்டுக்கு வண்டி எடுத்தால் முடிய இரவு பதினொன்று ஆகும். அவள் கிளம்பும்போது அவர் படுக்கையில், அவர் திரும்பும்போது அவள் படுக்கையில். வார விடுமுறையாவது ஒத்துப்போனதா என்றால் அதுவும் இல்லை. அவளுக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். ஞாயிறு அவர் எழுவதற்குள் மதியம் ஆகிவிடும், புதன் மாலை அவள் அசந்து படுத்துவிடுவாள். கல்யாணமான மூன்றாவது மாதம் ஆரம்பித்த இந்தக் கூத்து பத்தொன்பது வருடம் ஓடியது. இதில் ஒரு பெண் குழந்தை எப்படிப் பிறந்தது என்று ஒருமுறை கேட்டேன். கரண்டி பறந்து வந்தது.

அவர்கள் குடும்பம் நடத்தியது பிரிட்ஜ் கதவின் மேல். காந்தத்துக்கு அடியில் துண்டுச் சீட்டு. ‘குழம்பு கீழ்த் தட்டில்.’ ‘காஸ் சொல்லியாச்சு.’ ‘காய்ச்சல். மாத்திரை போட்டுட்டேன், பயப்படாதே.’ ஒரு சண்டைகூட அந்தக் கதவிலேயே ஐந்து நாள் நடந்து, ஆறாம் நாள் ‘சரி விடு’ என்ற சீட்டோடு முடிந்ததை நானே படித்திருக்கிறேன்.

ஆனால் அக்காவுக்கு இது ஒருநாளும் பிடித்ததில்லை. வருடா வருடம் மாமாவை உட்கார வைத்து, பகல் ஷிப்ட் கேட்டு டெப்போவுக்கு விண்ணப்பம் எழுத வைப்பாள். “ஒரே வீட்டுல இருக்கோம், ஒரு நாளாவது நிம்மதியா எதிரெதிரே உக்காந்து சாப்பிட்டிருக்கோமாடி?” என்று என்னிடம் மூக்கைச் சிந்துவாள். பகல் ஷிப்ட் சீனியாரிட்டிப்படிதான் வரும். போன வருடம் மகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை.

கடைசியில் டெப்போவிலிருந்து கடிதம் வந்தது. பகல் ஷிப்ட், காலை ஏழு முதல் மூன்றரை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் குறிப்பிட்ட திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், மாமா ஓய்வு பெறும்வரை திரும்ப வராது. அதே வாரம் அக்காவின் ஹோட்டலிலும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இருபது வருட சேவைக்குப் பரிசாக, அதே கம்பெனியின் தீவு ரிசார்ட்டில் தம்பதியாக நான்கு நாள் தங்கலாம். திரும்பி வருவது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏதோ நானே போவதுபோல. அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டு வந்து கையெழுத்துப் போடறேங்கறாரு.”

“சரி, போடட்டுமே.”

“பத்தொம்பது வருஷமா கேட்டது கையில வந்திருக்கு. பாத்துட்டுப் போடறாராம். என்னத்தைப் பாக்கணுமாம்? என்னையா?”

ஆமாம், அவளைத்தான் பார்க்கப் போகிறார் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. பெட்டியைக் கடன் கொடுத்து அனுப்பி வைத்தேன். இனிமேல் சொல்வதில் பாதி அக்கா சொன்னது, கால்வாசி மாமா வாயிலிருந்து நான் பிடுங்கியது.

முதல் நாள் ஏதோ சொர்க்கம். கடலுக்குள் தூண் நட்டு, அதன் மேல் மர வீடு. தரையில் ஒரு இடத்தில் கண்ணாடி பதித்திருந்தார்கள். கீழே மீன் போவது தெரிந்தது. வாசலில் குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள், அக்காவை “மேடம்” என்று கூப்பிட்டார்கள். வாழ்நாள் முழுக்க அவள் பிறரைக் கூப்பிட்ட வார்த்தை அது. திரும்பி யாரையோ தேடினாளாம். மாலையில் இருவரும் படிக்கட்டு வழியாகக் கடலில் இறங்கினார்கள். நீச்சல் தெரியாத மாமா கைப்பிடியை விடவே இல்லை; அலை வந்து அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போக, அக்கா முழங்கால் தண்ணீரில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். மாமா அவளையே பார்த்தாராம்.

“நீ சிரிச்சா அந்தப் பக்கத்துப் பல்லு இப்படித் தெரியுமா?”

“எத்தனை வருஷமா இருக்கு அது!”

அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். “போட்டுடுவாருடி” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

இரண்டாம் நாள் சாயம் வெளுத்தது. காலை ஐந்துக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆறுக்குக் குளித்து, தலை பின்னி, போக இடமில்லாமல் நின்றாள். மாமா எழுந்து பல் துலக்கப் போன இடைவெளியில் படுக்கையை விரித்து மடித்து ஹோட்டல் கணக்கில் தயார் செய்துவிட்டாள். அவர் திரும்பி வந்து படுக்கப் பார்த்தால், உட்காரவே பயமாக இருந்ததாம். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இருந்தும் அக்கா அவளை விடவில்லை. குழாயைச் சுற்றித் தண்ணீர்க் கறை, விளக்கு மூடியில் பூச்சி, கண்ணாடித் தரையின் ஓரத்தில் கை ரேகை என்று வரிசையாகக் காட்டினாள். அந்தப் பெண் அழாத குறை. “லீவுல வந்தும் டூட்டியா?” என்றார் மாமா.

அவர் மட்டும் என்னவாம்? மதியம் ஒன்றரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். குளித்தார். முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ மாட்டிக்கொண்டு சரியாக இரண்டு மணிக்கு வெளியே இறங்கிவிட்டார். எங்கே போக? அந்தத் தீவைச் சுற்றிவர இருபது நிமிடம் போதும். குட்டி போட்ட பூனை மாதிரி ஆறு சுற்று சுற்றினார். முதல் இரண்டு சுற்று அக்காவும் கூடப் போனாள், பேசிக்கொண்டே. மகளின் படிப்பு, என் மாமியார், மாடிக் குழாய், அவள் ஹோட்டலின் புது மேனேஜர். மூன்றாவது சுற்று தொடங்கும்போது அவர் நின்றுவிட்டார்.

“நீ இவ்வளவு பேசுவேன்னு எனக்குத் தெரியாது.”

“நீங்க இவ்வளவு பேசமாட்டீங்கன்னும் எனக்குத் தெரியாது.”

அக்கா அறைக்குத் திரும்பிவிட்டாள். அவர் காபியை உறிஞ்சும் சத்தம் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவள் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பது அவருக்கு. அவர் சட்டைகளை மடிக்கும்போது பெட்டியின் பக்கப் பையில் அந்தக் கடிதம் இருப்பதைப் பார்த்தாள். கையெழுத்து இல்லை. ‘இந்த ரெண்டு நாளைப் பாத்துட்டு எவன் போடுவான்?’ என்று அவளுக்கே தோன்றியது.

மூன்றாம் நாள்தான் பரிசின் முக்கியமான பகுதி. நடுக்கடலில் ஒரு மணல் திட்டு. படகில் கொண்டுபோய் அங்கே குடை விரித்து, தம்பதிக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுவார்கள். படகு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு அக்கா தயார். மாமா போர்வைக்குள். அக்கா பழம் வெட்டித் தட்டால் மூடினாள். ஒரு சீட்டு எழுதி, அறையிலிருந்த குட்டி பிரிட்ஜ் கதவில் செருகினாள். ‘முன்னாடி போறேன். பழம் வெட்டி வெச்சிருக்கேன்.’ கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்ப் படகில் ஏறிவிட்டாள்.

“சார் வரலையா மேடம்?” என்றார் படகோட்டி.

“பின்னாடி வருவாரு.”

பின்னால் வர அங்கே என்ன டவுன் பஸ்ஸா ஓடுகிறது? படகோட்டி ஏதோ வேறு ஏற்பாடு என்று நினைத்துக் கிளப்பிவிட்டார். இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்தப் பெண்டாட்டியும் செய்திருக்க மாட்டாள்.

மணல் திட்டில் வெள்ளை விரிப்பு போட்ட மேசை. இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு, பூ. பரிமாற ஒரு சர்வர். படகு அவளை இறக்கிவிட்டு வேறு ஆட்களை ஏற்றப் போய்விட்டது. மூன்று மணிக்குத்தான் திரும்பும். “சாருக்காகக் காத்திருக்கட்டுமா மேடம்?” என்று சர்வர் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. சர்வர் வாக்கிடாக்கியில் கேட்டுப் பார்த்தார். எல்லாப் படகும் வெளியே போயிருந்தன.

“எழுப்பணும்னு எனக்குத் தோணவே இல்லடி” என்றாள் அக்கா என்னிடம். “மறந்து போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. தோணவே இல்ல. வருஷா வருஷம் விண்ணப்பம் எழுத வெச்சவ நானு. அவரு பரீட்சை வெக்கறாருன்னு பயந்துகிட்டு இருந்தேன். ஃபெயிலானது நான்தான்.”

நண்டு வந்தது, மீன் வந்தது, ஐஸ்கிரீம் உருகி வந்தது. எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. எழுந்து மணலில் நடந்தாள். நூறு அடி நடந்தால் தண்ணீர், திரும்பி நூறு அடி நடந்தால் தண்ணீர். சர்வர் பாவம், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றே காலுக்குப் படகு கரைக்கு வந்தது. படகுத்துறையின் முனையில் மாமா நின்றார். தொப்பி இல்லை, செருப்பு இல்லை. முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. பதினொன்றிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்று காவலாளி சொன்னார்.

“எத்தனை மணிக்கு வருவேன்னு எழுதலையே” என்றார் மாமா.

“மன்னிச்சிடுங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, அதான்...”

“தூங்கல.”

அவள் பார்த்தாள்.

“முழிச்சிட்டுத்தான் இருந்தேன். நீ பழம் வெட்டினது, எழுதினது, எல்லாம் கேட்டுது. நீ கதவைச் சாத்தினப்ப அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு மணி நேரந்தான். அப்புறம் இருப்புக் கொள்ளல.”

“முழிச்சிருந்தா ஏன் எழுந்திரிக்கல?”

“எழுந்தா என்ன பேசறதுன்னு தெரியல.”

அக்காவுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

“வீட்டுலயும் இப்படித்தானா?”

ஆமாம் என்று மாமா தலையை ஆட்டினார்.

“பாப்பா ஹாஸ்டல் போனதுலேர்ந்தா?”

“அதுக்கு ரொம்ப முன்னாடியிலேர்ந்தே.”

பத்தொன்பது வருடம் அவள் இருட்டில் புடவை கட்டியிருக்கிறாள். சமையலறையில் போய்த் தலை வாரியிருக்கிறாள், வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு. இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்த மனுஷன் தூங்கட்டும் என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். அவ்வளவையும் இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. படகுத்துறையென்றும் பார்க்காமல், “செருப்பைத் தூக்கிட்டு நடந்தேன்யா நானு!” என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘யா’ போட்டது அதுதான் முதல் தடவை. காவலாளி கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. மாமா சாப்பாட்டை அறைக்கே வரவழைத்தார், அவள் தொடவில்லை. போன் செய்து என்னிடம், “போடவும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்றாள். நானும் மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கே மனசு கேட்கவில்லை. பயந்த மனுஷன் கண்ணைத்தானே மூடுவான்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐந்துக்கு வழக்கம்போல அவளுக்கு விழிப்பு வந்தது. கட்டிலில் கால் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அறையிலிருந்த அத்தனை விளக்கையும் போட்டாள். குளியலறை விளக்கு, வராந்தா விளக்கு, ஒன்று பாக்கியில்லை.

“முழிச்சிட்டிருக்கீங்கன்னு தெரியும். எழுந்திருங்க.”

மாமா எழுந்தார்.

காபி போட்டாள். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். என்ன பேசுவது என்று உண்மையிலேயே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் உறிஞ்சினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். விடிந்து, வெயில் ஏறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து கடலில் இறங்கும்வரை அப்படியே இருந்தார்கள். மாமாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. அவளும் எதையும் துடைக்கப் போகவில்லை.

பிறகு மாமா உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தார். பத்தொன்பது வருடம் கேட்டவள், அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

“ரிட்டையர் ஆக இன்னும் பதினோரு வருஷம் இருக்குங்க” என்றாள். “தினமும் இப்படித்தான் இருக்கும்.”

“தெரியும்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான். கைய விடு, கையெழுத்துப் போடணும்.”