நான் வாசித்துக் காட்டிய பக்கம்

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. அது அப்பாவினுடையது. அம்மா அடுப்படியில், குழம்பு கொதிக்கிற நேரத்தில், ஃபிரிட்ஜின் மேல் நோட்டை வைத்து நின்றபடியே எழுதுவாள். இரண்டு வருடத்தில் நான்கு நீள நோட்டுகள் நிறைந்தன. அது நாவல் என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்பா அதைச் சமையல் குறிப்பு என்று நினைத்திருந்தார்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அனுப்பியிருந்த முதல் அத்தியாயங்கள் பிடித்திருப்பதாகவும், முழு நாவலையும் அனுப்பும்படியும் எழுதியிருந்தார்கள். அன்று அம்மா சோற்றைக் குழையவிட்டாள். அப்பா தட்டைத் தள்ளியபோதும் அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். பள்ளியில் வாசிப்புப் போட்டியில் நான் பரிசு வாங்கியிருந்தேன்.

"ஏத்தா, எதையாச்சும் வாசி, கேப்போம்" என்றார் அத்தை.

அம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெருமையோடு ஓடிப்போய் ஒரு நோட்டை எடுத்துவந்தேன். நிறையப் பேச்சு வருகிற பக்கமாகத் தேடிப் பிரித்தேன். அதில் ஒரு நாத்தனார் வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். புருஷன், "இவளுக்கு என்ன தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பான். அந்தப் பெண் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் கொடுத்து வாசித்தேன். நாத்தனாரின் குரலைக் கேட்டு மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்தபோது துணிக்குவியலோடு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டா, ஒம் பொண்டாட்டி நம்ம குடும்பத்தச் சந்தி சிரிக்க வைக்கப் போறாளா?" என்று அத்தை எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா பதிப்பகத்தின் கடிதத்தை அப்பாவிடம் காட்டினாள். அப்பா சத்தம் போடவில்லை. "எழுதாதன்னு நான் சொல்லல. இந்த மாதிரிப் பக்கத்தையெல்லாம் எடுத்துட்டு அனுப்பு" என்றார்.

"எடுத்துட்டா அதுல என்னங்க இருக்கு?"

"அப்ப வேணாம், விடு."

மறுநாள் காலையில் தலை பின்னிவிடும்போது, "நல்லா வாசிச்சேனாம்மா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா வாசிச்ச. ஒரு எழுத்துகூடப் பிசகல" என்றாள்.

பிறகு சென்னை விலாசம் எழுதிய ஓர் இன்லேண்டு லெட்டரைக் கொடுத்து, போகிற வழியில் தபால்பெட்டியில் போடச் சொன்னாள். எம்பிப் போட்டேன். அம்மாவின் நாவல் சென்னைக்குப் போய்விட்டது என்று வகுப்பு முழுவதும் சொன்னேன். நான்கு நோட்டுகள் ஓர் இன்லேண்டு லெட்டருக்குள் அடங்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.