சிலிண்டர்காரர் தாங்கிய சுரம்

தெருவில் நின்று லியோன்சியோ அண்ணன் “கேஸ்” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலாவது மாடியில் காலி சிலிண்டர் வாசலுக்கு வந்துவிடும். அழைப்புமணியை அவர் அழுத்தி யாரும் பார்த்ததில்லை. அந்தக் குரலை வாரம் முழுக்க ஸ்பெயினின் சமோரா நகரத்து மாடிப்படிகளில் செலவழித்துவிட்டு, வியாழன் மாலை மிச்சத்தை எங்கள் கோவில் பாடகர் குழுவுக்குக் கொண்டுவருவார். மிச்சமே எங்களுக்கு அதிகம்.

கல்லறைத் திருநாளன்று ஊரில் இறந்தவர்களுக்காக ஒரு பழைய பூசையைப் பாடுவோம். நானூறு வருடத்துக்கு முன் எங்கள் காஸ்தீலியப் பகுதிப் பாதிரியார் ஒருவர் ஆறு குரல்களுக்கு எழுதியது. வாத்தியம் கிடையாது. அடிக்குரலுக்கு இரண்டே பேர், அவரும் நானும். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்பவருக்கு ஓட்டை தெரியக் கூடாது. எனக்கோ ஆஸ்துமா. கடைசிப் பாட்டில் நீண்ட கீழ்ச்சுரம் ஒன்று வரும். பாதியில் நான் மூச்சு வாங்குவேன், அண்ணன் தாங்குவார். இருபது வருடம் அப்படித்தான் பிழைத்தேன்.

ஒரு புனித வாரத்தில், மேல்சுரம் ஒன்றில் அவர் குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“மேல போனா சேவல் கூவுது டீச்சர். செத்தவங்க எழுந்து ஓடிருவாங்க. இனிமே நான் வரல,” என்றார், எங்களை நடத்தும் அம்பாரோ டீச்சரிடம்.

டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் வீம்புக்காரர். வியாழன் மாலைகளில் மதுக்கடையில் உட்கார்ந்து சீட்டாடத் தொடங்கினார். “நான் இல்லாம அங்க ஒண்ணும் குடி முழுகிப் போயிடல” என்று சொல்லித் திரிந்தாராம். சீட்டிலும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்.

நான் மூச்சு வாங்க வேறு இடத்தை டீச்சர் என் தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஒத்திகைகளில் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

திருநாளன்று, காலமான மனைவிக்காக அண்ணன் பூசைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு. அந்தக் கீழ்ச்சுரம். என் உடம்பு யாரையும் கேட்காமல் பழைய இடத்திலேயே மூச்சு வாங்கிவிட்டது. மற்ற ஐந்து குரல்களும் அந்தரத்தில் நின்றன. டீச்சரின் கண் என்மேல் பாய்ந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து அந்தச் சுரம் வந்தது. பிசகில்லாமல், அதே கனத்தோடு. அண்ணன் எழுந்து நின்று, நான் சேர்ந்துகொள்ளும்வரை அதை விடாமல் பிடித்திருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றியா வெட்கமா என்று கேட்டால், நன்றிதான். வெட்கப்பட எனக்கு மூச்சு மிச்சமில்லை.

பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“ஏன்டா நிக்கனோர், இன்னுமா அங்கயே மூச்சு வாங்குற?”

“நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு நெனச்சுட்டேண்ணே.”

அதற்குள் டீச்சரும் வந்துவிட்டார். அண்ணனிடம் சொன்னார்.

“மேல்சுரம் வந்தா வாயை மூடிக்கங்க. கீழ மட்டும் பாடுங்க.”

“அப்ப பாதி நேரம் சும்மா நிக்கணுமா?”

“ஆமா. நின்னா போதும்.”

அடுத்த வியாழன் என் இடப்பக்கம் வந்து நின்றார். என் தாளை வாங்கிப் பார்த்தார். டீச்சர் குறித்த புது இடத்தை ரப்பரால் அழித்தார்.

“பழைய இடத்துலயே வாங்குடா,” என்றார்.

வாங்குகிறேன்.