கேபிளைப் பிடுங்கும் சார்ஜென்ட்

மிளகாய்த்தூள் சிப்ஸ் தின்ற கையில் கனத்த கையுறையை மாட்டிக்கொண்டுதான் வெர்னா ட்ரெஹோ விசைப்பலகையைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து விழும். கேட்டால், "சண்டைல எவன் கையக் கழுவித் தொடச்சிட்டு வந்து தட்டப்போறான்?" என்பார்.

டெக்சஸ் பாலைவனத்தில் எங்கள் கூடாரம். எந்தப் படை எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் மென்பொருள் நாங்கள் எழுதியது. அதைப் பார்த்துத்தான் தளபதிகள் உத்தரவு போடுவார்கள். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதைச் சோதிக்க ராணுவம் சார்ஜென்ட் வெர்னாவை அனுப்பும். நாங்கள் சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார். பிறகு யாரும் கேட்காமலே இணைப்புக் கேபிளைப் பிடுங்குவார். நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பச் செருகுவார்.

"ஒயரு அறுந்தா எதிரி வந்து மன்னிப்பா கேப்பான் தம்பி?"

போன வெள்ளிக்கிழமை சோதனையின் கடைசி நாள். எல்லாம் தேறிவிட்டது. மறுநாள் சான் அன்டோனியோவில் வெர்னாவின் மகளுக்குக் கல்யாணம். பதிப்பு தேறாவிட்டால், திருத்தி முடிக்கும்வரை ஒருவரும் முகாமை விட்டு நகர முடியாது. அன்று கேபிள் பக்கமே அவர் போகவில்லை. நாங்களும் நினைவூட்டவில்லை.

சோதனைக்குப் பொறுப்பான கேப்டன் ஹோல்கம் கைகுலுக்கினார். "கெளம்புங்க வெர்னா. பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

"இதோ சார். ஒரு காபி குடிச்சிட்டு."

கேபிளைப் பிடுங்கினார்.

வெளியே எங்கள் சோதனை வண்டி குன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காபி முடிந்து கேபிளைச் செருகியபோது, திரையில் அந்த வண்டியின் நீலப் புள்ளி குன்றுக்கு இந்தப் பக்கமே நின்றது. பக்கத்தில் 'இப்போதைய நிலை' என்று வேறு போட்டிருந்தது. வெர்னா ரேடியோவில் வண்டிக்காரர்களைக் கூப்பிட்டார்.

"குன்றுக்கு அந்தாண்ட இருக்கோம் சார்ஜென்ட். சாப்பிட உக்காந்துட்டோம்."

அந்தப் பக்கத்தைத்தான் அன்றைய பயிற்சியில் பீரங்கிக்கு இலக்காகக் குறித்திருந்தோம். பயிற்சி என்பதால் குண்டு இல்லை. போர் என்றால், இலக்கில் நம் ஆள் யாரும் இல்லை என்று திரை சத்தியம் செய்திருக்கும்.

"ஒரு புள்ளிதானே வெர்னா," என்றார் கேப்டன். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அந்தப் புள்ளி சாப்பிட்டுக்கிட்டிருக்கு சார்."

போய்த் தொலையுங்களேன் என்றிருந்தது எனக்கு. அந்தப் புள்ளியை நகர்த்தும் பகுதியை எழுதியவன் நான். தப்பு என்னுடையது, கோபம் அவர்மேல் வந்தது.

'தேறவில்லை' என்று பதிந்துவிட்டு வெர்னா வெளியே போனார். காரிலிருந்து, கல்யாணத்துக்குப் போடத் தனக்கு வாங்கிய, பிளாஸ்டிக் உறை பிரிக்காத உடையை எடுத்து வந்து, புழுதி படாத இடமாகப் பார்த்துக் கூடாரக் கம்பியில் மாட்டினார்.